கைப்பிடி உயர்த்தி (விசையுந்து)

கைப்பிடி உயர்த்தி அல்லது ரைசர் என்பது விசையுந்தின் (மோட்டார் சைக்கிள்) கைப்பிடித் தண்டை முன்கவையின் மேல்தகட்டின் மீது தாங்கி நிற்கும் உலோகப் பாகம் ஆகும். ஓட்டுநரின் கை எட்டும் இடத்துக்குக் கைப்பிடியைக் கொண்டுவருவதே இதன் பணி. ஐக்கிய அமெரிக்காவில் உருவான சாப்பர் வகை வண்டிகளில் உயரமான உயர்த்திகள் பரவலாகக் காணப்படுகின்றன.

அளவுப் பொருத்தம்

உயர்த்தியின் பிடிவாயும் தண்டின் விட்டமும் ஒத்திருக்க வேண்டும். சப்பானிய வண்டிகள் பலவற்றில் தண்டின் விட்டம் 22.2 மிமீ; ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் பொதுவாக 25.4 மிமீ (1 அங்குலம்). 1¼ அங்குலத் தடித்த தண்டுகள் பலவும் பிடிக்கும் இடத்தில் மட்டும் 1 அங்குலமாகக் குறுகியிருக்கும். ஆகவே பிடிக்கும் இடத்தை அளந்த பின்னரே வாங்குதல் நன்று. ஹார்லி வண்டிகளில் இரு திருகாணிகளின் மையங்களுக்கு இடையேயான தொலைவு பெரும்பாலும் 3½ அங்குலம்.

உயரமும் சாய்வும்

மேல்தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் நேர் உயர்த்தியும் கைப்பிடியை மேலே மட்டும் தூக்குவதில்லை. வண்டியின் கழுத்து பின்னோக்கிச் சாய்ந்திருப்பதே காரணம். சாய்வு 30 பாகை எனில், 4 அங்குல உயர்த்தி கைப்பிடியைச் சுமார் 3½ அங்குலம் மேலேயும் 2 அங்குலம் பின்னேயும் நகர்த்தும். பின்வளைந்த உயர்த்தியில் இந்நகர்வு இன்னும் கூடும். வண்டியை முழுதாகத் திருப்பும்போது கைப்பிடி எரிபொருள் தொட்டியில் இடிக்கக்கூடும்.

அடியிலுள்ள இரப்பர் புஷ்கள் அதிர்வைக் குறைக்கின்றன. உயரம் கூடக் கூட நெம்புகோல் விளைவால் அவை அதிகம் நெளியும். பாலியூரித்தேன் புஷ் இதற்கு ஓர் இடைவழி; உலோகப் புஷ் உறுதியானது, ஆயினும் அதிர்வு முழுவதும் கைக்கு வரும்.

வடங்களும் பிரேக் குழாயும்

எவ்வளவு உயர்த்தலாம் என்பதை உண்மையில் தீர்மானிப்பவை இவையே. தோற்றத்தை மட்டும் பார்த்து வாங்குவோர் மறப்பதும் இதைத்தான். ஆக்சிலேட்டர் கேபிள் குட்டையாக இருந்தால், கைப்பிடியைத் திருப்பும்போது அது இழுபட்டு எஞ்சின் வேகம் தானாகவே ஏறும். நெருக்கடியான தெருவில் மெதுவாகத் திரும்பும் வண்டி திடீரெனப் பாயும். பிரேக் குழாய் விறைத்து இழுபட்டால் நாளடைவில் இணைப்பில் கசிந்து முன் பிரேக் செயலிழக்கலாம்.

பொருத்தியபின் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கைப்பிடியை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஒலி மாறக்கூடாது, எக்குழாயும் விறைக்கக்கூடாது. நீளமான பிரேக் குழாய் மாற்றப்பட்டால் அதிலுள்ள காற்றை வெளியேற்றுவது கட்டாயம்.

சட்டம்

கைப்பிடியின் உயரத்துக்குச் சில இடங்களில் வரம்பு உண்டு. கலிபோர்னியாவில், இருக்கையில் அமர்ந்த ஓட்டுநரின் கைகள் தோள் மட்டத்துக்கு மேல் 6 அங்குலத்தைத் தாண்டக்கூடாது.