இந்த மாசம் எத்தனை எல்.இ.டி. கருகுச்சு?

மயிலாப்பூர்ல நான் படிச்ச ஸ்கூல் லேப்ல எல்லா சாமானும் இருந்துச்சு, கண்ணாடி பீரோவுக்குள்ள, பூட்டோட. "உடைஞ்சா யாருப்பா பதில் சொல்றது?"ன்னு சார் கேப்பார். பாவம், அவருக்கு ஸ்டாக் ரெஜிஸ்டர் பயம்.

அதனால நான் முதல் எல்.இ.டி.யைக் கருக்கினதே இன்ஜினியரிங் காலேஜ்லதான். 9 வோல்ட் பேட்டரியில நேரா மாட்டினேன். ஒரு செகண்ட் பளிச், அப்புறம் கருகின வாசனை.

ஏன்? சிவப்பு எல்.இ.டி.க்கு சுமார் 2 வோல்ட் போதும். மீதி 7 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வாங்கிக்கணும். 470 ஓம் போட்டா, 7-ஐ 470-ஆல வகுங்க: சுமார் 15 மில்லிஆம்பியர். சாதாரண எல்.இ.டி. தாங்குறது 20 வரைக்கும், அதனால பிழைச்சுக்கும். ஓம் விதியைப் பரீட்சையில எத்தனையோ தடவை எழுதியிருக்கேன்; புரிஞ்சது அன்னிக்குத்தான்.

இப்போ நிதி ஆயோக்கோட அடல் டிங்கரிங் லேப் திட்டம் இருக்கு. 2016-ல ஆரம்பிச்ச அடல் இன்னொவேஷன் மிஷன் நடத்துறது. 6-லேருந்து 12-ஆம் வகுப்பு வரைக்கும். ஒரு ஸ்கூலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். 3டி பிரிண்டர், சென்சார், மைக்ரோகன்ட்ரோலர்னு எல்லாம் வாங்கலாம். ஆனா அதுவும் பூட்டின பீரோவுக்குள்ள போயிட்டா, என் கதைதான் திரும்ப நடக்கும்.

உங்க தம்பி, தங்கச்சி ஸ்கூல்ல இப்படி ஒரு லேப் இருந்தா, "இந்த மாசம் எத்தனை எல்.இ.டி. கருகுச்சு?"ன்னு கேளுங்க. 'ஒண்ணுகூட இல்லை'ன்னு பெருமையா சொன்னா, சாவி யார்கிட்ட இருக்குன்னு அடுத்து கேளுங்க. எல்.இ.டி. ரிச்சி ஸ்ட்ரீட்ல சில ரூபாய்க்கே கிடைக்கும்.