தரைக்கு அடியில் ‘ஏசி’... ஈ.சி.ஆர் வீட்டுக்கு ஒத்துவருமா?

ஊட்டியில் சூடு, கடற்கரையில் குளிர்ச்சி... ஒரே குழாய் இரண்டையும் செய்யுமா?

மே மாத மதியம். புதுச்சேரிக்கு வடக்கே, பெரிய முதலியார்சாவடியில் ஈ.சி.ஆர் ஓரக் கடை ஒன்றில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சோடா பாட்டிலை மேஜையில் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் பாட்டிலின் அடியில் தண்ணீர் வட்டம் கட்டிவிடும். பாட்டில் ஒழுகவில்லை. கடல்காற்றில் இருந்த ஈரம், குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் தண்ணீராகிவிட்டது. அவ்வளவுதான்.

இப்போது அந்த பாட்டிலுக்குப் பதிலாக உங்கள் வீட்டு ஹால் தரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் வழுவழுப்பான டைல்ஸ். அதில் நடந்து வருவது உங்கள் பாட்டி.

சுவிட்சர்லாந்திலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் வீடியோ காலில், “வெளியே பனி கொட்டுது, உள்ள வெறுங்காலோட நடக்குறோம்” என்று சொல்வதைப் பலர் கேட்டிருப்பார்கள். தரைக்குள் ஓடும் வெந்நீர்க் குழாய்தான் அந்த மாயம். அதே குழாயில் குளிர்ந்த தண்ணீரை விட்டால் நம்மூர் வெயிலுக்கு ஏசியே வேண்டாமே என்ற யோசனை அடுத்து வரும். யோசனையில் தப்பில்லை, உலகில் சில இடங்களில் நடக்கவும் செய்கிறது. ஆனால் இந்தக் கடற்கரையில் அதைச் செய்வதற்கு முன் சில கணக்குகளைப் போட்டாக வேண்டும். காங்கிரீட் கொட்டிய பிறகு போட்டால் பயனில்லை.

மேனிஃபோல்டு என்றால் என்ன?

வீட்டுக்குள் வரும் கரண்ட், ஒரு பெட்டியில் பிரிந்து ரூமுக்கு ஒரு எம்.சி.பி வழியாகப் போகிறதல்லவா? தண்ணீருக்கு அதே வேலையைச் செய்வதுதான் மேனிஃபோல்டு. சுவரில் பதித்த பெட்டிக்குள் இரண்டு தடித்த குழாய்கள் படுக்கை வாட்டில் இருக்கும். ஒன்றிலிருந்து தண்ணீர் ஒவ்வொரு அறைக்கும் கிளம்பும். தரை முழுக்கச் சுற்றிவிட்டு மற்றொன்றுக்குத் திரும்பி வரும்.

கிளம்பும் பக்கத்தில் அறைக்கு ஒரு சின்ன ஃப்ளோ மீட்டர். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று அதில் கண்ணால் பார்க்கலாம். திரும்பும் பக்கத்தில் அறைக்கு ஒரு வால்வு. அறையின் தெர்மோஸ்டாட் சொன்னால் திறக்கும், மூடும். கூடவே காற்றை வெளியேற்ற ஒரு வென்ட், தண்ணீரைச் சுழற்ற ஒரு பம்ப்.

தரைக்குள் போவது பெரும்பாலும் 16 மி.மீ பெக்ஸ் பிளாஸ்டிக் குழாய். 15 முதல் 20 செ.மீ இடைவெளியில் வளைத்து வளைத்துப் போடுவார்கள். ஒரு சுற்று சுமார் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உராய்வு கூடி, பம்ப் திணறும். ஹால் பெரியதென்றால் அதற்கு இரண்டு, மூன்று சுற்றுகள் தனித்தனியாக மேனிஃபோல்டுக்கு வரும்.

பலரும் கோட்டைவிடுவது ‘பேலன்சிங்’ வேலையில். தண்ணீருக்கு எப்போதும் சுலபமான வழிதான் பிடிக்கும். பாத்ரூம் சுற்று 30 மீட்டர், ஹால் சுற்று 95 மீட்டர் என்றால், விட்ட தண்ணீரில் பெரும்பங்கு பாத்ரூமிலேயே ஓடித் திரும்பிவிடும். ஹால் அப்படியே கிடக்கும். அதனால் குட்டைச் சுற்றின் வால்வைக் கொஞ்சம் இறுக்கி, நீளமான சுற்றுக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும். ஃப்ளோ மீட்டர் இருப்பதே இதற்காகத்தான்.

சூடு எங்கிருந்து வரும்?

ஐரோப்பாவில் கேஸ் பாய்லர், இப்போது அதிகமாக ஹீட் பம்ப். ஹீட் பம்ப் என்பது தலைகீழாக ஓடும் ஏசி. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளும். 1 யூனிட் மின்சாரம் செலவழித்து 3 முதல் 4 யூனிட் வெப்பம் தரும். தண்ணீர் எவ்வளவு மிதமான சூட்டில் போதுமோ, அவ்வளவுக்கு அது சிக்கனம். தரைக்கு 35 முதல் 45 டிகிரி செல்சியஸ் தண்ணீரே போதும் என்பதால் இரண்டும் நல்ல ஜோடி.

தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தர விதி. தாண்டினால் கால் சுடும், மரத்தரை வெடிக்கும். ஆனால் சோலார் வாட்டர் ஹீட்டரில் வெயில் நாளில் தண்ணீர் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அதை நேராக மேனிஃபோல்டில் கொடுத்தால் கதை முடிந்தது. நடுவில் ஒரு மிக்ஸிங் வால்வு வைத்து, தரையைச் சுற்றிக் குளிர்ந்து திரும்பும் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து இறக்க வேண்டும். வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விளாவிக் குளிப்போமே, அதைத்தான் இந்த வால்வு தானாகச் செய்கிறது.

சோலாரும் வேண்டும், மேகம் மூடிய நாளுக்கு ஹீட் பம்பும் வேண்டும் என்றால்? ஊட்டி, கொடைக்கானலில் வீடு கட்டுகிறவர்களுக்கு நியாயமான தேவைதான். இரண்டையும் ஒரு ‘டீ’ போட்டு இணைத்தால் போதாது. ஒன்று ஓடும்போது இன்னொன்றுக்குள் தண்ணீர் பின்னால் பாயும். ரிட்டர்ன் அடைக்கும் வால்வுகள், இரண்டுக்கும் பொதுவாக ஒரு சேமிப்புத் தொட்டி, எது எப்போது ஓட வேண்டும் என்று முடிவெடுக்கும் கன்ட்ரோலர் ஆகியவை தேவை.

இப்படி இரண்டு வெப்ப மூலங்களை ஒரே வேலைக்கு இணைப்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். பெரிய முதலியார்சாவடிக்குப் பக்கத்தில் ஆரோவில்லின் சோலார் கிச்சன் இருக்கிறது. அதன் மொட்டை மாடியில் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். சூரிய ஒளியைக் குவித்து நீராவி தயாரிக்க உதவுகிறது, அந்த நீராவியில் சமையல் நடக்கிறது. வெயில் போதாத நேரத்துக்கு டீசல் பாய்லர் துணைக்கு நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். சமையல் நீராவிக்கும் தரைக் குழாய்க்கும் வெப்பநிலையில் பெரிய தூரம். ஆனால் பாடம் ஒன்றே: சூரியனை மட்டும் நம்பி லைன் போட்டால், மழை நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

காங்கிரீட் கொட்டும் முன்...

தரைக்குள் குழாயில் ஜாயின்ட் இருக்கக் கூடாது. மேனிஃபோல்டில் கிளம்பி மேனிஃபோல்டில் முடியும்வரை ஒரே துண்டு. அடியில் தெர்மாகோல் மாதிரியான காப்புப் பலகை போடாவிட்டால் பாதிச் சூடு கீழ்த்தளத்துக்கோ மண்ணுக்கோ போய்விடும். குழாயில் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, ஒழுக்கு இல்லை என்று பார்த்த பிறகே மேஸ்திரி கலவை கொட்டலாம். கொட்டும்போதும் அழுத்தம் அப்படியே இருக்க வேண்டும். யாராவது மண்வெட்டியால் குழாயைக் கொத்திவிட்டால் மீட்டர் முள் உடனே காட்டிக்கொடுக்கும்.

சிமென்ட் கலவை என்றால் 21 நாள் பொறுமை. அதற்குப் பிறகும் முதல் மூன்று நாள் 20 முதல் 25 டிகிரி தண்ணீர்தான் விட வேண்டும். பிறகே முழுச் சூடு. ‘சீக்கிரம் காயட்டும்’ என்று முதல் நாளே சூடேற்றினால் தரை விரிசல் விடும்.

இன்னொரு விஷயம். கொட்டுவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று வருடம் கழித்து கதவு ஸ்டாப்பருக்கு டிரில் போட வருகிறவருக்கு, குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாது.

சரி, குளிர்ச்சிக்கு வருவோம்

பாங்காக் டூர் போனவர்கள் தங்களுக்கே தெரியாமல் இப்படிப்பட்ட தரையில் நடந்திருப்பார்கள். 2006-ல் திறக்கப்பட்ட சுவர்ணபூமி விமான நிலையத்தில் சுமார் 1.5 லட்சம் சதுர மீட்டர் தரைக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது. 13 டிகிரியில் உள்ளே போய், 19 டிகிரியில் திரும்பும்படி வடிவமைத்திருக்கிறார்கள். கண்ணாடிக் கூரை வழியாக விழும் வெயிலைத் தரையே நேராக உறிஞ்சிக்கொள்கிறது. அத்தனை பெரிய ஹாலின் மொத்தக் காற்றையும் குளிர்விக்காமல், மனிதர்கள் நடமாடும் உயரத்துக்கு மட்டும் உலர்ந்த குளிர்காற்றைத் தனியாக விடுகிறார்கள். பாங்காக்கும் நம்மைப் போலவே புழுங்கும் ஊர் என்பதைக் கவனியுங்கள்.

ஹைதராபாத் பக்கம் போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் 2011-ல் இன்னும் சுவாரசியமான ஒன்றைச் செய்தது. சுமார் 2.5 லட்சம் சதுர அடி அலுவலகக் கட்டடத்தைச் சமமாக இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நன்றாக வடிவமைத்த வழக்கமான ஏசி. மறுபாதிக்கு காங்கிரீட் தளத்துக்குள் குழாய் பதித்து, குளிர்ந்த தண்ணீர். இரண்டு வருடம் அளந்து பார்த்ததில் குழாய்ப் பாதி 34% குறைவான மின்சாரத்தில் ஓடியது. அமைக்கும் செலவும் அதிகமாகவில்லை.

காரணம் எளிது. ஒரே கன அளவு காற்றைவிடத் தண்ணீர் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். ராட்சத ஃபேன் வைத்துத் தள்ள வேண்டியதைச் சின்ன பம்ப் முடித்துவிடும்.

அப்போ முதலியார்சாவடியில் ஏன் தயக்கம்?

சோடா பாட்டிலுக்குத் திரும்புவோம். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதன் ஈரம் தண்ணீராக மாறுமோ, அதுதான் பனிநிலை. 30 டிகிரி வெப்பம், 75% ஈரப்பதம் என்றால் பனிநிலை சுமார் 25 டிகிரி. கடற்கரையில் இது சர்வசாதாரணம். வடக்கே மரக்காணம் உப்பளங்களில் வேலை செய்பவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. காற்று உலர்ந்தால்தான் பாத்தியில் உப்பு விளையும், ஈரக்காற்றில் இழுத்தடிக்கும்.

25 டிகிரிக்குக் கீழே போகும் எந்தத் தரையும் இங்கே வேர்க்கும். ஆனால் குளிர்ச்சி தெரிய வேண்டும் என்றால் தரை 20 டிகிரிக்காவது வர வேண்டும். 19-க்குக் கீழே போனால் பாதம் சில்லிட்டுப்போகும்.

ஜன்னலை மூடி, ஈரத்தை உறிஞ்சும் கருவியைத் தனியாக ஓட்டினால் பிரச்னை தீரும். உள்ளே 26 டிகிரி, 55% ஈரப்பதம் என்றால் பனிநிலை 16-க்கு வந்துவிடும். தரை வேர்க்காது. பாங்காக்கிலும் ஹைதராபாத்திலும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே ஜன்னலைத் திறக்க யாருக்கும் அனுமதி இல்லை. வீட்டில் அப்படியா? பால்காரருக்குக் கதவு, துணி காயப்போடக் கதவு, சாயங்காலம் கடல்காற்றுக்கு எல்லா ஜன்னலும்.

இதைவிட மோசம் கரன்ட் கட். புயல் காலத்தில் இந்தப் பக்கம் அது மணிக்கணக்கில் நீளும். ஏசி நின்றால் அறை மெல்லச் சூடாகும், அவ்வளவுதான் தொல்லை. தரை அப்படியல்ல. பம்ப் நின்றாலும் காங்கிரீட் பல மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். ஈரம் உறிஞ்சும் கருவி நின்றிருக்கும், புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறப்பீர்கள். வெளியே இருக்கும் ஈரம் மொத்தமும் குளிர்ந்த டைல்ஸ் மேல் வந்து உட்காரும், அதுவும் இருட்டில். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 26 டிகிரி அறையில் 20 டிகிரி தரை, சதுர மீட்டருக்கு சுமார் 40 வாட் வெப்பத்தைத்தான் உறிஞ்சும். 150 சதுர அடி பெட்ரூம் என்றால் மொத்தம் 600 வாட்டுக்குள். ஒரு டன் ஏசி உறிஞ்சுவது 3,500 வாட். ஆக, ஏசி எப்படியும் வாங்கத்தான் வேண்டும். தரை அதற்குத் துணை மட்டுமே.

கடலோரத்தில் ஒரு வீட்டுக்கு இது தேவையா என்றால், இன்றைய நிலையில் இல்லை. அந்தப் பணத்தில் மொட்டை மாடிக்கு வெள்ளை டைல்ஸும், மேற்கு ஜன்னலுக்கு நிழலும், நல்ல ஃபேனும் போடலாம். பெரிய ரிசார்ட், அலுவலகம் என்றால் யோசிக்கலாம். ஜெனரேட்டர் இருக்கும், ஜன்னல் மூடியே இருக்கும்.

எப்படியும் போட்டே தீருவேன் என்பவர்கள் கான்ட்ராக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது டைல்ஸ் கலரை அல்ல. தண்ணீரின் வெப்பநிலையை அறையின் பனிநிலைக்கு மேலேயே வைத்திருக்கும் சென்சார் உண்டா? ஈரம் உறிஞ்சும் கருவி எத்தனை லிட்டர்? இன்வெர்ட்டரில் அது ஓடுமா? குழாயில் நிரப்பப்போவது எந்தத் தண்ணீர்? உப்பேறிய கடலோர போர் தண்ணீரை அப்படியே நிரப்பினால், மேனிஃபோல்டின் வால்வும் பம்பும் அரித்துவிடும். “வருஷம் முழுக்க 18 டிகிரியில செட் பண்ணிடலாம் சார்” என்று பதில் வந்தால், கலவை கொட்டுவதை அன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.