எழுதும் பெட்டியில் ஒளிந்து வரும் கட்டளை

இணையத்தில் கட்டுரையோ செய்தியோ எழுத முற்படுகிறவர் முன்னே விரியும் பெட்டியின் மேற்புறத்தில், தடித்த எழுத்து, சாய்வெழுத்து, படம், இணைப்பு என்று வரிசையாகப் பொத்தான்கள் நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். ‘ரிச் டெக்ஸ்ட் எடிட்டர்’ எனப்படும் அந்தச் சாதனம் நம் கண்ணுக்குக் காட்டுவது அலங்காரமான எழுத்தையே ஆயினும், பெரும்பாலும் அது சர்வருக்கு அனுப்பி வைப்பது எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியை. எழுத்தைத் தடிப்பாக்கும் குறியைப் போலவே, ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய கட்டளையும் அந்தக் குறிமொழிக்குள் இடம்பெற முடியும். ஒருவர் எழுதி வைத்ததை மற்றொருவர் திறந்து படிக்கும் தருணத்தில், அக்கட்டளை படிப்பவருடைய பிரவுசரில் அவர் பெயராலும் அவருக்குள்ள உரிமையாலும் இயங்கிவிடுமாயின், அதுவே ‘கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங்’ என்னும் தாக்குதல். படிப்பவர் தளத்தின் நிர்வாகியாக இருந்துவிட்டால் விளையும் அனர்த்தத்துக்கு அளவில்லை.

அலங்காரத்துக்கு இடங்கொடுத்து அபாயத்தை மட்டும் விலக்குவது எத்துணைக் கடினம் என்பதை 2005 அக்டோபரில் அமெரிக்காவின் மைஸ்பேஸ் தளம் அறிந்தது. உறுப்பினர்கள் தங்கள் அறிமுகப் பக்கத்தை எச்.டி.எம்.எல். கொண்டு தாமே அலங்கரித்துக்கொள்ள அப்போது அங்கே அனுமதி இருந்தது. ஸ்கிரிப்ட் குறிகளையும் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல்லையும் கண்டால் அகற்றிவிடும் வடிகட்டியும் இருந்தது. சாமி கம்கார் என்ற இளைஞர் அச்சொல்லை இரண்டாக முறித்து, இரண்டாம் பாதியை அடுத்த வரிக்குத் தள்ளி, நிறமும் பின்னணியும் குறிக்கும் ஸ்டைல் பகுதிக்குள் வைத்தார். வடிகட்டிக்கு அது வேறு சொல்லாகத் தோன்ற, பிழையுள்ளதையும் தாமே செப்பனிட்டுப் படிக்கும் வழக்கமுடைய அக்காலத்துப் பிரவுசர்கள் சில, அதை முழுச்சொல்லாகவே கொண்டு நிறைவேற்றிவிட்டன. அவர் பக்கத்தைப் பார்த்தவர்கள் தம்மை அறியாமலே அவரை நண்பராகச் சேர்த்துக்கொண்டதோடு, அவர்களுடைய பக்கத்திலும் அக்கட்டளை பதிந்து, அங்கே வந்தவர்களையும் பற்றிக்கொண்டது. 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் அது பரவிற்று.

வடிகட்டி படிப்பது ஒருவிதம், பிரவுசர் படிப்பது வேறுவிதம் என்னும் இந்தப் பேதமே இவ்வகைக் குறைகளுக்கெல்லாம் மூலகாரணம் என்பது என் கருத்து. சுத்தம் செய்தபோது நிரபராதியாக இருந்த குறிமொழி, பிரவுசர் அதை மீண்டும் வாசிக்கையில் உருமாறி விஷமாகலாம் என்பதை 2013-ல் மாரியோ ஹைடெரிஷ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் விரிவாக நிரூபித்தனர். அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின்னரும், உலகெங்கும் பழகிய டைனிஎம்சிஇ எடிட்டரில் அதே வியாதி தலைகாட்டியது. சுத்தம் செய்யப்பட்ட எழுத்தைச் ‘செய்ததை மீட்கும்’ வசதிக்காகச் சேமிக்குமுன், எடிட்டர் தன் உள்குறிகளை வெறும் எழுத்துச்சரமாகவே வெட்டி நீக்கியது. அந்த வெட்டினாலேயே அமைப்புக் கலைந்து, மீட்கும்போது ஒளிந்திருந்த கட்டளை விழித்துக்கொண்டது. 2023-ல் வெளிவந்த 5.10.8, 6.7.1 ஆகிய பதிப்புகளில் இது திருத்தப்பட்டது. சுத்தம் செய்தபின் எழுத்தைத் தொடலாகாது என்ற விதியை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் உணர்த்த முடியாது.

பரிகாரங்கள் இல்லாமலில்லை. தீயவற்றைத் தேடித் தேடி நீக்க முயல்வதை விடுத்து, அனுமதிக்கத்தக்க குறிகளை மட்டும் பட்டியலிட்டு மற்றவை யாவற்றையும் தள்ளுவதே உத்தமம். டாம்ப்யூரிஃபை போன்று பலர் கண்ணில் பட்டுச் சோதனையில் தேறிய கருவிகள் இருக்கையில், தாமே ஒரு வடிகட்டி எழுத முனைவது வீண் துணிச்சல். குக்கியை ஸ்கிரிப்ட் தொடாதவாறு காக்கும் எச்.டி.டி.பி.ஒன்லி குறிப்பும், எந்த ஸ்கிரிப்ட் இயங்கலாம் என்று பிரவுசருக்கு வரையறுக்கும் சிஎஸ்பி விதியும் இரண்டாம் அரண்களாக உதவும். எடிட்டரே காவல் செய்யும் என்று நம்புவதுதான் பெரும்பிழை. தாக்க வருகிறவன் எடிட்டரைத் திறவாமலே சர்வருக்கு நேராகக் குறிமொழியை அனுப்பிவிட முடியும்.

எடிட்டரின் பதிப்பும் கவனிக்கத்தக்கது. சிகேஎடிட்டர் என்ற மற்றொரு எடிட்டரின் நான்காம் பதிப்புக்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 ஜூனோடு நின்றுபோயின. உங்கள் அலுவலகத்துத் தளமோ பள்ளித் தளமோ இன்னும் அத்தகைய பழைய பதிப்பில் ஓடுகிறதா என்று, அதைப் பராமரிப்பவரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.