கடல் கடக்கும் குளிர்

உணவுப் பொருள் விளைவது ஓரிடம். அதனை உண்போர் வாழ்வது வேறோரிடம். இவ்விரண்டிற்கும் இடையே பெருங்கடல் கிடந்தால் என் செய்வது? நெல்லும் கோதுமையும் மிளகும் பல திங்கள் பயணத்தையும் பொறுத்துக்கொள்ளும். மீனும் இறைச்சியும் பாலும் பழமும் அவ்வாறு பொறுப்பதில்லை. ஆகவே மக்கள் அவற்றை உப்பிட்டும், உலர்த்தியும், புகையூட்டியும் காத்து வந்தனர். அவை கெடாமல் இருந்தன. ஆனால் புதியனவாக இருக்கவில்லை. புதிய உணவு புதிய உணவாகவே கடல் கடந்த வரலாறும், அதற்கு அடிப்படையான அறிவியலும் இன்றைய பேச்சின் பொருளாகும்.

உணவு கெடுவதற்குக் காரணம் யாது? கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் அதில் பெருகுகின்றன. உணவிலேயே உள்ள நொதிகளும் அதனைச் சிதைக்கின்றன. வெப்பம் இவ்விரண்டின் வேலையையும் விரைவுபடுத்தும், குளிர் மட்டுப்படுத்தும். இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். குளிர் நுண்ணுயிர்களைப் பெரும்பாலும் கொல்வதில்லை. அவற்றை உறங்கவே வைக்கிறது. வெப்பம் திரும்பினால் அவை மீண்டும் விழித்தெழும்.

முதலில் மனிதன் நம்பியது இயற்கைப் பனிக்கட்டியை. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடெரிக் டியூடர் என்பார், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த நீரை வெட்டியெடுத்து, மரத்தூளிட்டுப் பொதிந்து, இந்தியாவிற்கே அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் மாளிகை, அப்பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842ஆம் ஆண்டளவில் எழுந்த ‘ஐஸ் ஹவுஸ்’ என்பதை நம்மில் பலர் அறிவர். ஆனால் பனிக்கட்டி நாள்தோறும் கரையும் பொருள். 1873இல் ஜேம்ஸ் ஹாரிசன் என்பார் ஆஸ்திரேலியாவிலிருந்து ‘நார்போக்’ என்னும் கப்பலில் உறைந்த இறைச்சியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். குளிரூட்டும் ஏற்பாடு வழியிலே பழுதுற்றமையால் இறைச்சி கெட்டுக் கடலுக்கு இரையாயிற்று.

கப்பலிலேயே குளிரை உண்டாக்கும் இயந்திரம் தேவை என்பது இதனால் தெளிவாயிற்று. ‘குளிரை உண்டாக்குதல்’ என்று சொன்னேன். உண்மையில் குளிர் என்று தனியே ஒரு பொருள் இல்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் கொட்டுவதே குளிர்பதனம். மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது; உள்ளே உள்ள நீர் குளிர்கிறது. இயந்திரத்திலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் குழாய்களினூடே சென்று, ஆவியாகி, உணவறையின் வெப்பத்தைக் கவர்கிறது. அந்த ஆவியை இயந்திரம் அழுத்தி வெளியே கொணர்ந்து, வெப்பத்தை வெளிக்காற்றில் விடுத்து, மீண்டும் திரவமாக்குகிறது. பானையின் நீர் காற்றோடு போய்விடும். இயந்திரத்தின் திரவமோ சுற்றிச் சுற்றி வரும். வேற்றுமை அவ்வளவே.

1876இல் பிரெஞ்சுக்காரரான சார்லஸ் டெலியே, ‘பிரிகோரிபிக்’ என்னும் கப்பலில் குளிர்பதன இயந்திரம் அமைத்து இறைச்சியைப் பிரான்சிலிருந்து அர்ஜென்டினா வரை கொண்டு சென்றார். எனினும் இத்தொழிலின் எதிர்காலத்தை உறுதிசெய்த பயணங்களுள் தலையாயது நியூசிலாந்தின் ‘டனீடின்’ கப்பலுடையதே.

அக்காலத்து நியூசிலாந்தில் ஆடுகள் மிகுதி, மக்கள் குறைவு. கம்பளிக்கு விலை உண்டு. இறைச்சியை வாங்குவார் இல்லை. கொழுப்பை எடுப்பதற்காக ஆடுகளைக் கொன்று காய்ச்சும் நிலையும் இருந்தது. மறுபுறத்தில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களிலோ மலிவான இறைச்சி கிடைக்காமல் ஏழைத் தொழிலாளர் வருந்தினர். இவ்விரு குறைகளையும் ஒரே கப்பலால் தீர்க்கலாகுமா என்பதே கேள்வி.

டனீடின் ஒரு பாய்மரக் கப்பல். குளிர்பதன இயந்திரத்தை இயக்குவதற்கு மட்டுமே அதில் நீராவி எந்திரம் அமைத்தனர். தொடக்கத்திலேயே இயந்திரத்தின் தண்டு முறிந்தமையால், ஏற்றிய இறைச்சியை இறக்கிவிட்டு மீண்டும் தொடங்க நேர்ந்தது. 1882 பிப்ரவரி 15ஆம் நாள், ஏறத்தாழ 5,000 ஆடுகளின் இறைச்சியோடு அது போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. வழியிலே புகைபோக்கியின் தீப்பொறி பறந்து பாய்களில் பற்றியது. வெப்ப மண்டலத்தை அடைந்தபோது சரக்கறையில் குளிர்காற்று செவ்வனே பரவவில்லை. காற்று செல்லும் வழிகளைச் சரிசெய்யத் தலைவர் விட்சன் தாமே உள்ளே தவழ்ந்து சென்றார், குளிரால் உணர்விழந்தார். காலிற் கயிறு கட்டி அவரை வெளியே இழுத்து உயிர்ப்பித்தனர். 98 நாட்கள் கழித்து, மே 24ஆம் நாள், கப்பல் லண்டனை அடைந்தது. கெட்டுவிட்டதெனத் தள்ளப்பட்டது ஒரே ஓர் ஆட்டின் இறைச்சிதான்.

இதன் விளைவு பெரிது. நியூசிலாந்தில் சிறு பண்ணையாளரும் இறைச்சியும் வெண்ணெயும் விற்றுப் பிழைக்கலாயினர். இங்கிலாந்தின் தொழிலாளர் வீட்டில் இறைச்சி மலிந்தது. ஆனால் அதே இங்கிலாந்தின் ஆட்டுப் பண்ணையாளர் புதிய போட்டியைத் தாங்க வேண்டியதாயிற்று. ஒரு கண்டுபிடிப்பு எல்லார்க்கும் ஒரே அளவில் நன்மை செய்வதில்லை என்பதற்கு இது சான்று.

1956இல் மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர் 58 சரக்குப் பெட்டகங்களை ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பலில் ஏற்றி அனுப்பினார். பெட்டகப் போக்குவரத்து அதன்பின் உலகெங்கும் பரவியது. குளிர்ப் பெட்டகங்கள் சிலவற்றில் முதலில் இயந்திரம் இல்லை. இரு துளைகள் மட்டுமே இருந்தன. அவற்றின் வழியே கப்பல் குளிர்காற்றை ஊதியது. பின்னர் ஒவ்வொரு பெட்டகமும் தனக்கென ஓர் இயந்திரம் பெற்றது. இன்று அதன் சுவர்கள், இரு தகடுகளுக்கிடையே வெப்பந் தடுக்கும் நுரைப்பொருள் நிரப்பியவை. குளிர்காற்று தரையின் பள்ளங்களினூடே ஓடி, சரக்கினிடையே மேலெழுந்து, கூரையோரமாக இயந்திரத்திற்குத் திரும்புகிறது. ஆதலால் பெட்டிகளைக் கூரைவரை அடுக்குதல் தவறு. காற்றுக்கு வழி வேண்டும்.

உறைந்த மீனும் இறைச்சியும் பொதுவாகச் சுழிக்குக் கீழ் 18 பாகை செல்சியசில் செல்கின்றன. பழங்களின் நிலை வேறு. பறித்த பின்னும் பழம் உயிருள்ளது, அது மூச்சுவிடுகிறது, வெப்பத்தை வெளியிடுகிறது. வாழைக்காய்க்கு ஏற்றது 13 அல்லது 14 பாகை. அதனினும் குளிர்ந்தால் தோல் கருகும், செவ்வனே பழுக்காது. மேலும், பழுக்கும் காய் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிட்டு அருகிலுள்ளவற்றையும் பழுக்க வைக்கும். நம் ஊர்களில் மூட்டம் போட்டு வாழைத்தாரைப் பழுக்க வைக்கிறோமல்லவா? அப்புகையிலும் எத்திலீன் உண்டு. எனவே பழப் பெட்டகத்தில் காற்றின் தன்மையையும் கட்டுப்படுத்துகின்றனர்.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. பெட்டகத்து இயந்திரம் குளிர்ந்த பொருளைக் குளிர்ந்த நிலையில் வைத்திருப்பதற்கே உரியது. வெப்பமான சரக்கை விரைவாகக் குளிர்விக்கும் ஆற்றல் அதற்கில்லை. பறித்த இடத்திலேயே, பிடித்த கரையிலேயே குளிர்பதனம் தொடங்க வேண்டும். பண்ணை, கிடங்கு, லாரி, துறைமுகம், கப்பல், கடை என்னும் இச்சங்கிலியில் ஓரிடத்தில் மின்சாரம் சில மணி நேரம் நின்றாலும், உறங்கிய நுண்ணுயிர் விழித்துக்கொள்ளும். இளகி மீண்டும் உறைந்த மீனை வாங்குவோர் கண்ணால் கண்டறிதல் அரிது. தூத்துக்குடியிலிருந்து செல்லும் உறைந்த இறாலுக்கும் இவ்விதி பொருந்தும். அதனை வலைவீசிப் பிடித்தவரின் உழைப்பு, முகமறியாத பலருடைய கவனத்தை நம்பிக் கடல் கடக்கிறது.

குளிருக்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. முன்பு இயந்திரங்களில் ஓடிய குளோரோபுளோரோகார்பன்கள் வானத்தின் ஓசோன் படலத்தைச் சிதைத்தன. 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையால் அவை விலக்கப்பட்டன. அவற்றிற்கு மாற்றாக வந்த வாயுக்களுள் பல, கரியமில வாயுவைக் காட்டிலும் பன்மடங்கு புவியை வெப்பமாக்க வல்லவை. அவற்றைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலி நகரில் நாடுகள் இசைந்தன. உணவைக் குளிர்விக்கும் முயற்சியே உலகை வெப்பமாக்கலாகாது. கேடு விளைக்காத குளிர்பொருளையும், மின்சாரம் குறைவாக வேண்டும் இயந்திரத்தையும் ஆக்கும் பணி இன்னும் நிறைவேறவில்லை. இயற்பியலும் வேதியியலும் பயிலும் மாணவ மாணவியருக்கு அப்பணி காத்திருக்கிறது.