பி12 ரிப்போர்ட்டில் 310: அந்த நம்பர் எங்கிருந்து வருது?

எப்பவும் அசதி, கால் மரத்துப் போகுதுன்னு உங்க கிளாஸ்ல யாராவது வைட்டமின் பி12 டெஸ்ட் எடுத்திருப்பாங்க. ரிப்போர்ட்ல 310 பிகோகிராம்/மி.லி. பக்கத்துல "நார்மல்". அதோட பேப்பரை மடிச்சு வச்சிடுவாங்க. அந்த 310ஐ மெஷின் எப்படி எடுத்ததுன்னு கொஞ்சம் பார்ப்போம்.

ஒரு கிராமை லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் பிகோகிராம். உடம்பில் பிளாஸ்மா சுமார் 3 லிட்டர். அதிலுள்ள பி12 முழுவதையும் திரட்டினாலும் இந்த ஆளிடம் ஒரு மைக்ரோகிராம்கூட தேறாது. சாதாரணத் தராசு இதை நிறுக்காது. அதனால் நேரடியாக அளக்காமல், பி12 செய்யும் வேலையை வைத்துக் கணக்குப் போட்டார்கள்.

பழைய வழி பாக்டீரியா. லாக்டோபேசில்லஸ் லைக்மானி என்ற கிருமிக்கு பி12 இல்லாமல் வளர முடியாது. மற்ற எல்லா சத்தும் உள்ள கரைசலில் நோயாளியின் சீரத்தைக் கலந்து, 37 டிகிரியில் வைத்தால் கரைசல் கலங்கும். எவ்வளவு கலங்கியதோ அவ்வளவு பி12. நோயாளி ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால்? கிருமி செத்துவிடும், பி12 குறைவு என்று ரிப்போர்ட் வரும்! ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் கிருமி வகைகளைத் தேடிப் பிடித்தது இதனால்தான்.

பி12 ஆராய்ச்சியில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. வேலூரிலிருந்து கணியம்பாடிக்கு வரும்போது பாகாயத்தைத் தாண்டித்தானே வர்றோம்? அங்கே வளாகம் வைத்திருக்கும் சி.எம்.சி.யில் ஆல்பர்ட், மாதன், பேக்கர் மூவரும் ரத்தத்தை விட்டுவிட்டு சிறுகுடலைப் பார்த்தார்கள். பெருங்குடல் கிருமிகள் பி12 செய்வது முன்பே தெரியும். ஆனால் உடல் அதை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி, அதாவது பெருங்குடலுக்கு முன்பே. அந்த பி12 நமக்கு வீண். தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா கிருமிகளும் கணிசமாக பி12 செய்யக்கூடும் என்று இவர்கள் 1980இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதுக்காக சைவம் சாப்பிடுறவங்க கிருமியை நம்பி இருந்திட முடியாது.

இப்போ லேப்ல நடக்கிறது வேற. காலை நேர காலேஜ் பஸ்ஸை நினைச்சுக்கோங்க. சீட் குறைவு. சீட்தான் இன்ட்ரின்சிக் ஃபாக்டர் என்ற புரதம். பி12 அதில் கச்சிதமாக உட்காரும். ஏறுபவர்கள் இரண்டு வகை: உங்கள் ரத்தத்தின் பி12, லேப் சேர்க்கும் ஒளி தரும் பி12. ஒளி தருபவர்களுக்கு ஐ.டி. கார்டு இருக்குன்னு வச்சுக்கலாம். கடைசியில் மெஷின் ஐ.டி. கார்டு போட்டவர்களை மட்டும் எண்ணும். வெளிச்சம் குறைந்தால் உங்கள் பி12 அதிகம். எல்லாம் தலைகீழ்!

பிரச்சினையும் அங்கேதான். பல கிட்களில் இந்த சீட்டை காந்த மணியோடு ஒட்டவைப்பது பயோட்டின். முடி கொட்டுதுன்னு 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? தினசரித் தேவை வெறும் 30 மைக்ரோகிராம். மிஞ்சிய பயோட்டின் ரத்தத்தில் சுற்றி, ஒட்டும் இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. சீட்டுகள் கழுவும்போது போய்விடும், வெளிச்சம் குறையும், மெஷின் "பி12 நிறைய" என்று சொல்லும். பயோட்டின் லேப் டெஸ்ட்டுகளைக் குழப்புவதாக அமெரிக்க எஃப்.டி.ஏ. 2017இல் எச்சரித்தது.

இன்னொன்று மோசமானது. சிலரின் உடம்பு இன்ட்ரின்சிக் ஃபாக்டருக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்யும். பி12 உறிஞ்ச முடியாமல் நரம்பு கெடுவது இவர்களுக்குத்தான். அதே ஆன்டிபாடி மெஷினுக்குள்ளும் சீட்டை அடைத்து, சில சமயம் "நார்மல்" என்று காட்டிவிடும்.

சரி, 310 உண்மையாகவே இருந்தாலும்? ரத்தத்தின் பி12இல் பெரும்பகுதி ஹாப்டோகோரின் என்ற புரதத்தோடு சும்மா சுற்றுகிறது. செல்லுக்குள் கொண்டு சேர்ப்பது டிரான்ஸ்கோபாலமின். அதன் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அறிகுறி இருந்து நம்பர் மட்டும் சரியாக இருந்தால், டாக்டர்கள் மெத்தில்மலோனிக் அமிலம் பார்க்கச் சொல்வது இதனால்தான். செல்லுக்குள் பி12 பத்தாவிட்டால் அது ரத்தத்திலும் சிறுநீரிலும் ஏறும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பிடிபடும். சிறுநீரகம் பழுதானாலும் ஏறும் என்பது ஒரு சிக்கல். செலவும் கூட.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு லேப்ல சொல்லிடுங்க, முடிக்கான மாத்திரை உட்பட. கால் மரத்துப் போவது நிற்கவில்லை என்றால், "நார்மல்" ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் திரும்பப் போங்க.