சிதறிய அயலுக்குச் சிறு செய்தி

1990, 1991இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்த நம் அயலவர் இன்று வன்னியிலும் கனடாவிலும் சிதறி வாழ்கின்றனர். அவர்களுக்கு ஊர்ச் செய்தி சொல்ல ட்விட்டர் உதவும். 2006இல் தொடங்கிய இது 2023 முதல் ‘எக்ஸ்’ எனப்படுகிறது.

கட்டணமில்லாப் பதிவுக்கு எல்லை 280 குறிகள். தமிழில் அரவு, விசிறி, குற்று என்பனவும் தனித்தனியே எண்ணப்படும். ‘குறிகட்டுவான்’ என்னும் 7 எழுத்துகள் 13 குறிகளாகிவிடும். ஆகவே முகவுரை வேண்டாம். (நீட்டிப் பேசிப் பழகிய குருமாராகிய எமக்கு இது நல்ல தவம்!) நாள், நேரம், இடம், விடயம் போதும்: “இன்று கடல் கொந்தளிப்பு. நெடுந்தீவுப் படகு இல்லை.” காணி பார்க்கப் புறப்படும் குடும்பத்துக்கு ஒருநாள் கூலியும் பஸ் காசும் மிச்சம்.

தினமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். கேட்டவருக்கு அன்றே பதிலளியுங்கள். வாசகர் பெருகுவர். ஆனால் 2022 ஏப்ரல் 3இல் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. எனவே அதே செய்தியை இறங்குதுறைப் பலகையிலும் ஒட்டுங்கள்.