கைப்பைக்குள் ஒரு கைத்துப்பாக்கி

சகோதரிகளே, நம் கைப்பையில் என்னதான் இல்லை! சில்லறைப் பர்ஸ், சாவிக்கொத்து, குங்குமச் சிமிழ், தலைவலித் தைலம், குழந்தைக்கு இரண்டு பிஸ்கட். நான் குடியிருக்கும் டெக்ஸாஸ் மாநிலத்தில் சில பெண்மணிகளின் பையில் இவற்றோடு இன்னொரு சாமானும் இருக்கும். தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி! கதையில்லை, நிஜம். 2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து இங்கே 21 வயது நிரம்பியவர்கள், சட்டம் தடுத்திருக்கும் சிலரைத் தவிர, லைசென்ஸ்கூட இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம். காய்கறிக் கடையில் நமக்கு முன்னால் வரிசையில் நிற்பவரின் சட்டைக்கு அடியில் ஒன்று இருக்கலாம். நமக்குத் தெரியவே தெரியாது.

'இதை எங்களுக்கு எதற்கு எழுதுகிறாய்?' என்பீர்கள். உங்களில் எத்தனை பேருக்கு மகளோ மருமகளோ அமெரிக்காவில் இருக்கிறார்கள்! பிரசவம் பார்க்க வருகிறீர்கள். பேரக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடைக்குப் போகிறீர்கள். பெரியவன் அடுத்த தெரு நண்பன் வீட்டுக்கு விளையாடப் போகிறான்.

பெண்ணின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்த என் நாத்தனார், ஒரு கடை வாசலில் இருந்த போர்டைப் படித்துவிட்டு, "என்னங்க அண்ணி, துப்பாக்கி கொண்டு வரக்கூடாதுன்னு போட்டிருக்கே! அப்ப போர்டு இல்லாத கடைக்குக் கொண்டு வருவாங்களா?" என்றாள்.

"வருவாங்க."

"ஐயோ, இடுப்புல இருக்கறப்பவே வெடிச்சுட்டா?"

நியாயமான கேள்வி. துப்பாக்கி வைத்துக்கொள்வது சரியா, தப்பா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. அது இந்த நாட்டில் தீராத வழக்கு. எங்கள் வீட்டில் கிடையாது, அவ்வளவுதான். ஆனால் நாத்தனாரின் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிடயரானவர். கணவர் காலமான பிறகு தனியாக இருக்கிறார். பல வருஷமாகத் துப்பாக்கி வைத்திருப்பவர். அவரிடமே கேட்டேன். "தானாக வெடித்துவிட்டது என்று யாராவது சொன்னால், அப்போது உன் விரல் எங்கே இருந்தது என்று முதலில் கேள்" என்றார்.

விஷயம் இதுதான். தோட்டாவின் பின்புறத்தை ஒரு ஊசி குத்தினால்தான் குண்டு கிளம்பும். இந்தக் காலத்துக் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் அந்த ஊசியை உள்ளுக்குள் ஒரு தடை பிடித்து வைத்திருக்கிறது. விசையை இழுத்தால்தான் தடை விலகும். ஆகவே விசையை எதுவும் தொடாத வரை துப்பாக்கி சும்மாதான் கிடக்கும். (பழைய ரிவால்வர்கள் சிலவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது; கீழே விழுந்தாலே வெடித்துவிடலாம். புது ரகங்களிலும் அபூர்வமாக இந்தக் குறை கண்டு திருத்தியதுண்டு.) ஆனால் விசைக்கு விரல் எது, சாவி எது என்று வித்தியாசம் தெரியுமா? எது இழுத்தாலும் வெடிக்கும். பைக்குள் கிடக்கும் பேனா இழுக்கலாம். குளிர் கோட்டின் கழுத்துக் கயிற்று நுனியில் ஒரு பிளாஸ்டிக் மணி இருக்குமே, அது இழுக்கலாம். உள்ளே சுருண்டுபோன சட்டை ஓரம்கூட இழுக்கலாம்.

அதனால்தான் உறை முக்கியம் என்கிறார் அந்த அம்மாள். ஹோல்ஸ்டர் என்கிற அந்த உறை, விசையையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் முழுக்க மூடவேண்டும். வெளியிலிருந்து அமுக்கினாலும் விசையில் படாத அளவுக்குக் கெட்டியாக இருக்கவேண்டும். நாள்பட்டுத் தொய்ந்துபோன தோல் உறை ஆகவே ஆகாது. அதன் வாய் உள்பக்கம் மடிந்து விசையை அமுக்கிவிடுமாம். துப்பாக்கியைத் திரும்ப உறையில் வைக்கும்போதுதான் ஆபத்து ஜாஸ்தி. விரலை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, துணியை ஒதுக்கிவிட்டு, கண்ணால் பார்த்து, மெதுவாக வைக்கவேண்டும். "எடுப்பதற்கு அவசரம் வரலாம். திருப்பி வைப்பதற்கு என்ன அவசரம்?" என்று கேட்டார். டீச்சர் அல்லவா!

உறை இல்லாமல் செருகியதற்குத் தண்டனை அனுபவித்தவர் பிளாக்ஸிகோ பர்ரெஸ் என்ற பிரபல அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர். 2008 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு இரவு விடுதிக்கு வெறும் பேண்ட் இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு போனார். அது வழுக்கி இறங்கியது. அவர் பிடிக்கப் போனார். சொந்தத் தொடையிலேயே குண்டு பாய்ந்தது. அந்த ஊர் லைசென்ஸும் அவரிடம் இல்லாததால் இரண்டு வருஷ ஜெயில் தண்டனை வேறு.

தொழிலே துப்பாக்கியாக இருப்பவர்களும் தப்பவில்லை. 2018 ஜூனில் டென்வர் நகரில், டியூட்டியில் இல்லாத எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் மதுக்கடையில் நடனமாடிக்கொண்டே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டார். இடுப்பிலிருந்த துப்பாக்கி தெறித்து விழுந்தது. அவசரமாக அள்ளி எடுத்தார். எடுக்கும்போதே வெடித்து, எதிரே இருந்த ஒருவரின் காலில் குண்டு பாய்ந்தது.

இரண்டிலும் பாருங்கள், நழுவியது வெடிக்கவில்லை, பிடித்ததுதான் வெடித்தது. அரிவாள்மனை விளிம்பிலிருந்து கத்தி நழுவினால் நாம் பிடிக்கப் போகிறோமா? காலை இழுத்துக்கொண்டு விழட்டும் என்று விட்டுவிடுகிறோம். நழுவும் துப்பாக்கியையும் அப்படியே விழ விடவேண்டும் என்றுதான் பயிற்சி தருகிறவர்கள் சொல்கிறார்கள். நின்ற பிறகு, விசைப் பக்கம் விரல் போகாமல் எடுத்தால் போதும்.

பொதுக் கழிப்பறை இன்னொரு தொல்லை. உட்காருமுன் துப்பாக்கியை எடுத்துக் கொக்கியில் மாட்டுகிறார்கள், அல்லது தண்ணீர்த் தொட்டி மேல் வைக்கிறார்கள். பிறகு மறந்து போய்விடுகிறார்கள். 2015-ல் வாஷிங்டனில் பாராளுமன்றக் கட்டடத்திலேயே, சபாநாயகரின் பாதுகாப்புக்கு இருந்த போலீஸ்காரர் ஒருவர் இப்படி விட்டுவிட்டுப் போனார். கண்டெடுத்தது யார் தெரியுமா? பெற்றோருடன் சுற்றிப் பார்க்க வந்த ஒரு சின்னப் பிள்ளை! நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. எடுத்தே ஆகவேண்டுமென்றால் உறையோடு கழற்றிக் கண்ணெதிரே, கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளவேண்டும் என்கிறார் என் பக்கத்து வீட்டு அம்மாள்.

மறதிக்கு இன்னொரு கணக்கு. 2023-ம் வருஷம் அமெரிக்க விமான நிலையங்களில், பயணிகள் கையோடு கொண்டுபோகும் பைகளிலிருந்து 6,737 துப்பாக்கிகளைப் பிடித்தார்களாம். அவற்றில் நூற்றுக்கு 93-ல் தோட்டா நிரப்பியிருந்தது. "பையில் இருப்பதே ஞாபகமில்லை" என்பதுதான் வழக்கமான பதில். பாஸ்போர்ட்டை எங்கே வைத்தோம் என்று பத்துத் தடவை தேடுகிறோம், துப்பாக்கி எப்படி மறக்கும் என்று எனக்குப் புரியவேயில்லை.

இனி சொல்லப்போவதைக் கனத்த மனதோடுதான் எழுதுகிறேன். 2014 டிசம்பர் 30-ந் தேதி, ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற சிற்றூர். 29 வயது இளந்தாய். நன்றாகப் படித்தவர், விஞ்ஞானி. லைசென்ஸ் உண்டு, துப்பாக்கிப் பழக்கமும் உண்டு. துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி ஜிப் அறையுடன் தைத்த கைப்பையோடு கடைக்குப் போனார். இரண்டு வயதுப் பையன் சாமான் வண்டியில் உட்கார்ந்திருந்தான், பை அவன் பக்கத்தில். அம்மா சற்றே நகர்ந்த நேரத்தில் குழந்தை ஜிப்பைத் திறந்துவிட்டது. அந்த இடத்திலேயே தாய் போய்விட்டார்.

அலட்சியக்காரி என்று அவரைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பை தனி, ஜிப் தனி, எல்லாம் வாங்கித்தான் வைத்திருந்தார். ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அம்மாவின் கைப்பையைவிட நல்ல விளையாட்டுப் பெட்டி உண்டா, நீங்களே சொல்லுங்கள்! நம் வீட்டில் பவுடர் டப்பாவைக் கவிழ்க்கும் அதே கைதான். பிஞ்சு விரலுக்குப் பலம் ஏது என்றும் நினைக்கவேண்டாம். துப்பாக்கியைத் தன் பக்கமே திருப்பிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலாலும் சேர்த்து அமுக்கிவிடும். குழந்தையோடு போகிறவள் துப்பாக்கியைப் பையில் வைக்கவே கூடாது, உடம்போடு உறையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வீட்டில் பூட்டுப்பெட்டியில் இருக்கட்டும் என்பது பக்கத்து வீட்டு அம்மாளின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். பேரக் குழந்தையோடு கடைக்குப் போகும் பாட்டிமார்களும் ஒன்று செய்யலாம். யாருடைய கைப்பையானாலும் சரி, குழந்தை உட்காரும் வண்டியில் வைக்கவேண்டாம்.

'தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டேன், இனி பயமில்லை' என்றும் சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். அடியிலிருந்து பெட்டியைக் கழற்றினாலும், ஏற்கெனவே குழலுக்குள் ஏறிவிட்ட ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். அந்த ஒன்று போதும். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினைக்கவேண்டும், அதன் வாய் யார் பக்கமும் திரும்பக்கூடாது என்பதுதான் இங்கே பாலபாடம்.

குழந்தைகளுக்குச் சொல்லித்தர நாலே வார்த்தை: நில், தொடாதே, ஓடு, பெரியவர்களிடம் சொல். 1988-லிருந்து இப்படிக் கற்றுத் தருகிறார்கள். சொல்லித்தருவது நல்லதுதான். ஆனால் தொடாதே என்றால் தொடாத குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே பொறுப்பு பெரியவர்களுடையது. டெக்ஸாஸ் சட்டமும், 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் தோட்டாத் துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக விட்டால் குற்றம் என்கிறது.

பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு அனுப்புமுன், அங்கே பூட்டாத துப்பாக்கி உண்டா என்று கேட்டுவிடுங்கள் என்று இங்குள்ள குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள். எப்படிக் கேட்பது என்று நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். நான் எல்லாக் கேள்வியையும் ஒன்றாகக் கோத்துக் கேட்டுவிடுவேன். "என் பிள்ளைக்கு வேர்க்கடலை ஒத்துக்காது. உங்க வீட்ல நாய் இருக்கா? துப்பாக்கி இருந்தா பூட்டி வெச்சிருக்கீங்களா?" இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. "இருக்கிறது, பூட்டித்தான் இருக்கிறது" என்று பளிச்சென்று சொல்வார்கள்.

ஒரே ஒரு தாய் மட்டும் கொஞ்சம் தயங்கினார். "அரைமணி பொறுங்கள், கூப்பிடுகிறேன்" என்று போனை வைத்துவிட்டார். சொன்னபடி கூப்பிட்டார். அலமாரி மேல்தட்டில் இருந்ததாம். தோட்டாவை எடுத்து வேறாக வைத்து, இரண்டையும் தனித்தனியாகப் பூட்டிவிட்டாராம். "இப்போது அனுப்புங்கள்" என்றார். அனுப்பினேன்.